இரண்டடிக்கு ஐந்து நூல்

பொறுமைக்கு யாராவது விருது கொடுப்பதாக இருந்தால் அதை என்னிடம் கொடுத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம். என் அக்கா வீட்டுக்காரரோடு இருபத்திரண்டு வருடம் தரைக்கு டைல்ஸ் போட்டவன் நான். அவர் மேஸ்திரி, நான் கூட்டாளி. கூட்டாளி என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் சரியில்லை என்று சொல்வதையெல்லாம் பெயர்த்து எடுத்துத் திரும்பப் போடுவதுதான் என் உத்தியோகம்.

மற்ற மேஸ்திரிகள் முதுகுக்குப் பின்னால் அவரை 'அரை நூல்' என்பார்கள். நூல் என்பது எங்கள் தொழிலில் ஓர் அளவு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதில் பாதி என்றால் ஒரு சின்ன நாணயத்தின் கனம் இருக்கும். வேலை முடிந்ததும் மாமா செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தரை முழுக்க நடப்பார். ஏதாவது ஒரு கல் பக்கத்துக் கல்லைவிட அரை நூல் தூக்கலாக இருந்தால் போதும், அங்கேயே நின்றுவிடுவார். "மாப்ள, இங்க அரை நூல்." அவ்வளவுதான் பேச்சு. நான் உளியை எடுக்க வேண்டும்.

ஒரு பல் டாக்டரின் ஆஸ்பத்திரியில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில், பதினான்கு கல்லைப் பெயர்க்க வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பல்வலியோட வர்றவன் தரையையா மாமா பாக்கப்போறான்?" என்று கேட்டேன்.

"அவன் பாக்க மாட்டான். அவன் கால் பாக்கும்," என்றார். இப்படி ஒரு மனிதரோடு வாதாடிப் பாருங்கள், தெரியும்.

போன வருடம் அவருக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வந்து நின்றது. அதை எல்லோரும் மறந்துவிட்டோம். பத்து நாள் கழித்து உள்ளங்கால் இரண்டும் மதமதவென்று இருக்கிறது என்றார். சிமென்ட்டை நான் சரியாகக் கலக்கவில்லை, அதுதான் காலைத் தின்கிறது என்று என்னைத் திட்டினார். மறுநாள் ஒரு வீட்டுச் சமையலறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"மாப்ள, தூக்கு."

விளையாடுகிறார் என்று நினைக்க வழியில்லை, அவர் வாழ்நாளில் விளையாடியதில்லை. தூக்கினேன், துணி மூட்டையாகச் சரிந்தார். சாயங்காலம் கை போயிற்று. அடுத்த நாள் தண்ணீர் விழுங்க முடியவில்லை. மூன்றாம் நாள் மூச்சுக்கு இயந்திரம் வைத்தார்கள்.

நோயின் பெயர் கில்லன் பாரே. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே வழி தவறிப் போய் நரம்பைத் தாக்குமாம். ஆஸ்பத்திரி டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "ஒயருக்கு மேல ரப்பர் உறை இருக்குமில்ல? அது உரிஞ்சு போச்சு. உள்ள கரண்ட் ஓடல. உறை திரும்ப வளரும். ஆனா மெதுவாத்தான் வளரும். அவசரப்பட்டு ஒண்ணும் ஆகாது."

மூளைக்கு ஒன்றுமில்லை, எல்லாம் கேட்கிறது, எல்லாம் புரிகிறது, இமை மட்டும் அசைகிறது. தொண்டையில் குழாய் இருந்ததால் ஒரு நர்ஸ் அட்டையில் எழுத்துகளை எழுதிக் கொடுத்தார். அக்கா ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போவாள், சரியான எழுத்து வந்ததும் அவர் இமைப்பார். நம் மொழியில் எழுத்துக்குப் பஞ்சமா என்ன, ஒரு வார்த்தைக்கு அரை மணி நேரம் ஆனது. பன்னிரண்டு நாள் கழித்து மனைவியிடம் அந்த மனிதர் சொன்ன முதல் சேதி இதுதான்: 'சீலிங் மூணாவது பலகை கோணல்.'

அக்கா அட்டையைக் கட்டில் மேல் போட்டாள். "சோறு தண்ணி இல்லாம நான் கிடக்குறேன். இந்த மனுஷன் படுத்துக்கிட்டு சீலிங்கைப் பாத்துட்டு இருக்காரு." ஆனால் வெளியே வந்து சுவர் ஓரமாக நின்று ரொம்ப நேரம் அழுதாள். ஆள் அப்படியே உள்ளே இருக்கிறார் என்று தெரிந்துவிட்டதே.

ஒன்றரை மாதம் கழித்து மறுவாழ்வு மையத்துக்கு மாற்றினார்கள். அங்கே பயிற்சி கொடுத்த தெரபிஸ்ட் குள்ளமான பெண், கழுத்தில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து தொங்கும், குரல் உயராது. முதலில் விரல் வந்தது, பிறகு தோள். ஒரு பலகையில் இருக்கும் மர ஆணிகளை எடுத்து அடுத்த குழியில் வைக்க வேண்டும். குழிகள் நேர் வரிசையில் இல்லை என்று அதற்கும் குறை சொன்னார். நான்காவது மாதம் முழங்கால் நின்றது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆள் எழுந்து நின்றுவிட்டார். இனி என்ன, நடக்க வேண்டியதுதான் என்று நானும் அக்காவும் நினைத்தோம். எங்கள் நினைப்பில் மண் விழுந்தது.

கம்பிக்குள் நடக்கும்வரை வம்பில்லை. கம்பியை விட்டு ஊன்றுகோலோடு வெளியே வந்ததும் நாலாவது அடியில் வலது முழங்கால் மடங்கும், தெரபிஸ்ட் இடுப்புப் பட்டையைப் பிடித்து நிறுத்துவார். தினமும் அதே கதை.

"தரை சரியில்ல," என்றார் மாமா.

"தரை நல்லாத்தான் சார் இருக்கு. நீங்க வலது பக்கமா சாயறீங்க. நேரா நில்லுங்க."

"நேராத்தாம்மா நிக்கிறேன். தரை இடது பக்கம் வாட்டமா இறங்குது. சரியாப் போட்டிருந்தா நான் ஏன் சாயப்போறேன்?"

தெரபிஸ்ட் அவரைத் திருப்பி எதிரே இருந்த ஆளுயரக் கண்ணாடியைக் காட்டினார். உடம்பு வலப்பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது குழந்தைக்குக்கூடத் தெரியும். மாமா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "கண்ணாடிய கோணலா மாட்டியிருக்காங்க," என்றார்.

தெரபிஸ்ட் பொறுமையாக விளக்கினார். கால் எங்கே இருக்கிறது, தரை எப்படி இருக்கிறது என்று மூளைக்குச் சேதி கொண்டுபோகும் நரம்பு வேறு. பலம் வந்துவிட்டது, அந்தச் சேதி இன்னும் சரியாக வரவில்லை. இடது பாதம் தப்பாகச் சொல்கிறது. அதை நம்பி வலப்பக்கம் பாரத்தைப் போட்டால் வலது முழங்கால் தாங்காது. வருமா என்று அக்கா கேட்டாள். பெரும்பாலும் வரும், எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் தெரபிஸ்ட். மாமா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஒரே வார்த்தையில் முடித்தார். "முப்பது வருஷமா இந்தக் கால் எனக்குப் பொய் சொன்னதில்ல."

இதில் சிரிப்பதற்கு நேரம் இல்லை. மூன்று வாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, மையத்தின் பெரிய டாக்டர் நடை சோதனை வைப்பார். கம்பியிலிருந்து வாசல்வரை ஊன்றுகோலோடு, யாரும் தொடாமல் நடக்க வேண்டும். பிறகு பயிற்சிப் படிகளில் ஏறி இறங்க வேண்டும். நடந்தால் வீட்டுக்குப் போகலாம். நடக்காவிட்டால் சக்கர நாற்காலியோடு வெளியே போக வேண்டும், படுக்கைக்கு அடுத்த ஆள் காத்திருக்கிறார். அக்கா வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அறுபத்திரண்டு படி. சிமென்ட் மூட்டை சுமந்து எண்ணியவன் நான். மாமாவின் அண்ணன் நாள் விட்டு நாள் போன் செய்து, ஊருக்கு வெளியே ஓர் இல்லம் இருக்கிறது, நல்ல காற்று, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இல்லத்தின் விண்ணப்பத்தை வாங்கி அனுப்பியும்விட்டார். நானும் அக்காவும் போய்ப் பார்த்தோம். ஒரு கூடம் நிறைய மனிதர்கள் டிவிக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், டிவியில் யாரோ கார் விற்றுக்கொண்டிருந்தார். அக்கா விண்ணப்பத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அதை மாமாவிடம் காட்டவும் இல்லை, கிழித்துப் போடவும் இல்லை.

நான் என் பங்குக்கு ஒன்று செய்தேன். அக்கா வீட்டில் படுக்கை அறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு சின்ன மேடு இருந்தது. தடுக்கி விழுவாரே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை இடித்துவிட்டு, வழுக்காத கல்லில் இரண்டு வரிசை போட்டேன். அவசர வேலை. கடைசிக் கல் அரை நூல் தூக்கி நின்றது. பார்த்தேன். இருக்கிற நிலைமையில் அரை நூலா அவருக்குத் தெரியப்போகிறது என்று அப்படியே பூசி மூடிவிட்டேன்.

மையத்தில் நிலைமை முற்றியது. "ரசமட்டத்தை எடுத்துட்டு வா மாப்ள. வச்சுக் காட்டினாத்தான் இவங்களுக்குப் புரியும்," என்று தினமும் நச்சரித்தார். ரசமட்டம் என்றால் தரையின் மட்டம் பார்க்கிற நீளக் கருவி, நடுவில் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி இருக்கும். நான் இதோ அதோ என்று தட்டிக்கழித்தேன். சோதனைக்குப் பதினாறு நாள் இருக்கும்போது அவர் வேலைநிறுத்தம் ஆரம்பித்தார். தப்பான தரையில் நடக்க மாட்டாராம். தெரபிஸ்ட் கேட்டும் எழவில்லை. அக்கா கெஞ்சியும் எழவில்லை.

"உங்களுக்கு வீட்டுக்கு வரணும்னு எண்ணமே இல்லையா?" என்று கேட்டாள் அக்கா.

"வரணும். அதுக்குத் தரை சரியா இருக்கணும்."

அக்கா என்னைப் பார்த்தாள். "போய் அந்தக் கருமத்தை எடுத்துட்டு வாடா."

எடுத்து வந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இருபத்திரண்டு வருடக் கணக்கை இன்றைக்குத் தீர்த்துவிடலாம். எல்லோரும் பார்க்க, நாலாவது அடி விழும் இடத்தில் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நடுவில் போய் நின்றது. குறுக்கே வைத்தேன், மூலைக்கு மூலை வைத்தேன். நடுவிலேயே நின்றது. போட்டவன் யாரோ, நல்ல வேலைக்காரன்.

"ரசமட்டம் கெட்டிருக்கும்," என்றார் மாமா. "திருப்பிப் போடு."

ரசமட்டத்தைச் சோதிக்கிற வழி அது. தலைமாடு கால்மாடாகத் திருப்பி அதே இடத்தில் வைக்க வேண்டும். கருவி கெட்டிருந்தால் குமிழி மறுபக்கம் ஓடும். திருப்பி வைத்தேன். குமிழி அசையவில்லை.

மாமா குமிழியைப் பார்த்தார், பிறகு குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். நோய் வந்ததிலிருந்து நான் அந்த முகத்தில் கோபத்தைப் பார்த்திருக்கிறேன், வலியைப் பார்த்திருக்கிறேன். பயத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஜெயித்தவன் நான். ஆனால் அந்த ரசமட்டத்தைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்துவிடலாம் என்று இருந்தது. "விடு மாமா, இன்னொரு தடவை பாக்கலாம்," என்று உளறினேன். "என்னத்த பாக்குறது?" என்றார். அன்று அக்காவின் கை இரண்டு முறை கைப்பைக்குள் போய் வெறுமனே வெளியே வந்தது.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். எனக்காகவே காத்திருந்த மாதிரி கேட்டார். "மாப்ள, ஒரு தடவை ரசமட்டம் சாரத்துல இருந்து விழுந்து கோணிப்போச்சே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. நீங்கதான் என்னைத் திட்டினீங்க."

"அதைத் தூக்கியா போட்டோம்? அதை வச்சுத்தானே அந்த வாரம் முழுக்க வேலை செஞ்சோம்?"

செய்தோம். கோணல் ரசமட்டத்தாலும் வேலை நடக்கும், எவ்வளவு கோணல் என்று தெரிந்தால் போதும். எப்போதும் ஒரு நூல் கூடச் சொல்கிறது என்றால் ஒரு நூலைக் கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

"என் கால் எவ்வளவு தப்பாச் சொல்லுதுன்னு அளந்து குடு," என்றார்.

எனக்கு அவரைக் கட்டிப் பிடிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. இதை ஒரு வாரம் முன்னால் சொல்லித் தொலைத்தால் என்ன? தெரபிஸ்ட் முதலில் தலையை ஆட்டினார், பிறகு யோசித்தார், பிறகு அவரே போய் இரண்டடிப் பலகை ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். அதைக் கம்பிகளுக்கு நடுவே போட்டு மாமாவை மேலே நிற்க வைத்தோம். கண்ணை மூடச் சொன்னோம். பலகையின் இடது முனைக்குக் கீழே நான் அரை நூல் கனத் தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகினேன்.

"இன்னும். இன்னும். இடது பக்கம் இன்னும் இறங்கித்தான் இருக்கு. இன்னும் ஒண்ணு. நில்லு. இப்ப சரி. இப்பத்தான் தரை மட்டமா இருக்கு."

பத்துத் தகடு. இரண்டடிக்கு ஐந்து நூல். பலகை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, மனிதர் அதன் மேல் நிம்மதியாக நிற்கிறார். தெரபிஸ்ட் குனிந்து தகடுகளை எண்ணிப் பார்த்தார்.

"அப்போ சார், தரை அஞ்சு நூல் இடது பக்கம் இறங்குதுன்னு உங்க கால் சொன்னா..."

"தரை சரியா இருக்குன்னு அர்த்தம்," என்றார் மாமா. "இதை முதல்லயே நூல் கணக்குல சொல்லியிருந்தா நான் எப்பவோ நடந்திருப்பேம்மா."

தெரபிஸ்ட் அதற்கும் கோபப்படவில்லை. அவருக்குத்தான் அந்த விருதைக் கொடுக்க வேண்டும், நான் என் பெயரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அதன்பின் தினமும் காலையில் தகடு வைத்து அளந்துவிட்டுத்தான் நடை. ஐந்து. ஐந்து. நாலரை. தெரபிஸ்ட் நோட்டில் தேதி போட்டு எழுதினார். நாலு என்றானது. பிறகு மூன்றில் வந்து மாட்டிக்கொண்டு ஆறு நாள் அசைய மறுத்தது. அந்த ஆறு நாளும் நான் தகட்டைச் சரியாகச் செருகவில்லை என்று எனக்குத்தான் அர்ச்சனை. ஆனால் சாய்வது குறைந்தது. நடக்கும்போது "மூணு நூல், மூணு நூல்" என்று முணுமுணுத்துக்கொண்டே போவார். பக்கத்துக் கட்டில் நோயாளி ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து, தனக்கும் சொல்லித் தரச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பெரிய டாக்டர் தெரபிஸ்ட்டின் நோட்டைப் புரட்டி, "நூல்னா என்னங்க?" என்று கேட்டார். அதற்குள் மாமா கம்பியை விட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது அடியில் நின்றார். வலது முழங்கால் நடுங்கியது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த இடத்தில் நகம் பதிந்தது. தெரபிஸ்ட் கையை நீட்டவில்லை, ஆனால் நீட்டத் தயாராக இருந்தார்.

"மூணு இல்ல," என்றார் மாமா சத்தமாக, எங்களுக்கா தனக்கா தெரியாது. "ரெண்டரை." பிறகு வாசல்வரை நடந்துபோய்க் கதவைத் தொட்டார். படியிலும் ஏறி இறங்கினார். பெரிய டாக்டர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஆனாலும் தெரபிஸ்ட் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னார். கண்ணால் பார்த்து, கணக்குப் போட்டு நடக்கிறார். இருட்டிலோ அவசரத்திலோ கணக்குப் போட முடியாது. பாதத்துக்கே உணர்ச்சி திரும்ப வேண்டும், அதுவரை தனியாக விடாதீர்கள், மூன்று மாதம் பார்ப்போம். அக்கா தலையாட்டினாள். மூன்று மாதத்தில் வராவிட்டால் என்ன என்று அவள் கேட்கவில்லை. அந்த விண்ணப்பம் கைப்பையிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்தும் அதே அளவெடுப்புதான், தினமும் தகடு, தினமும் நோட்டு. வந்த நாளில் அறுபத்திரண்டு படியை ஒன்றரை மணி நேரத்தில் ஏறினார், வழியெல்லாம் அந்தப் படிக்கட்டைக் கட்டியவனின் வம்சத்தையே விசாரித்தார். நோட்டில் இரண்டு, ஒன்றரை, ஒன்று என்று இறங்கியது. பிறகு ஒரு தகடும் வைக்காமலே "மட்டம்" என்றார். சரியாகச் சொல்கிறாரா, எங்களுக்காகச் சொல்கிறாரா? நோட்டு நல்ல சேதி சொன்னது, அக்கா நம்பவில்லை. வீட்டுக்குள்ளும் அவர் காலுறையோடுதான் நடந்தார், பாதம் மதமதப்பு என்று. அவர் குளியலறைக்குப் போகும்போதெல்லாம் அக்கா பின்னாலேயே போனாள். இதனால் வீட்டில் தினமும் சண்டை.

மூன்றாவது மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் நான் போயிருந்தேன். காலுறையெல்லாம் துவைத்துக் காயப் போட்டிருந்தது. மாமா வெறுங்காலோடு படுக்கை அறையிலிருந்து வந்தார், பின்னால் காவலுக்கு அக்கா, கடைக்குப் போய் வந்த கைப்பை இன்னும் தோளில். குளியலறை வாசலுக்கு முன்னால் மாமா நின்றார். இடது காலைப் பின்னுக்கு எடுத்தார். மறுபடி வைத்தார். பாதத்தை மெதுவாகத் தேய்த்தார். கண்ணை மூடினார்.

"மாப்ள, இங்க அரை நூல்."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "ஏங்க. மறுபடியுமா? இன்னும் எத்தனை நாளைக்குங்க?"

நான் மூலையில் இருந்த ரசமட்டத்தை எடுத்து, அந்தக் கடைசிக் கல்லுக்கும் பக்கத்துக் கல்லுக்கும் குறுக்காக வைத்தேன். ஆடியது. "அக்கா, ஏதாவது ஒரு காகிதம் குடு," என்றேன். அவள் யோசிக்காமல் கைப்பையில் கை விட்டு முதலில் கிடைத்ததை எடுத்துக் கொடுத்தாள். இல்லத்தின் விண்ணப்பம். மடித்தேன், மடித்தேன், சின்ன நாணயத்தின் கனம் வரும்வரை மடித்து ரசமட்டத்துக்குக் கீழே செருகினேன். ஆட்டம் நின்றது.

"தரைதான்க்கா," என்றேன். "மாமா கால் இல்ல. நான்தான் தப்பாப் போட்டேன். அரை நூல் தூக்கல். போட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு குளியலறை வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருடத்தில் என் வேலையை அவர் குறை சொல்லி நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

"எந்தக் கால்ல மாமா தெரிஞ்சது?"

"இடது கால்ல. வேற எந்தக் கால்ல?" அவருக்கு எங்கள் இருவரையும் பார்க்க எரிச்சலாக வந்தது. "இதுல அழறதுக்கு என்ன இருக்கு? ஆள் படுத்துட்டா எப்படி வேணா போடலாம்னு நினைச்சியா? உளிய எடு."

நான் உளியை எடுத்தேன்.